பிழைச்செய்தி வராத பிழைகள்: விண்வெளித் தரவுக் கருவி உருவாக்கும் பயிற்சியில் தவிர்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இயற்பியலோ கணினி அறிவியலோ படித்து முடித்து, விண்வெளி அறிவியலுக்கான தரவுப் பகுப்பாய்வு மென்பொருள் கருவிகளை உருவாக்கும் பட்டதாரிப் பயிற்சிக்குச் செல்ல விரும்பும் இளைஞர்கள் சிலருக்கு வார இறுதிகளில் உதவி வருகிறேன். அவர்களுடைய நிரல்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறுகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. நிரல் பாதியில் நின்று பிழைச்செய்தி காட்டினால் எவரும் திருத்திக்கொள்வர். இத்தவறுகளோ நிரலை இறுதிவரை ஓடவிட்டு, அழகான வரைபடத்தையும் கொடுத்து, விடையை மட்டும் பிசகவைப்பவை. கருவியை நம்பிப் பயன்படுத்தும் இன்னொருவரின் ஆய்வுக்குள்ளும் அந்தப் பிசகு சென்று சேர்வதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

விண்ணப்பக் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகுதி விதியைப் படிக்காமலே பல வாரங்களைச் செலவிடுவோர் உள்ளனர். ஐரோப்பிய விண்வெளி முகமையின் இளம் பட்டதாரிப் பயிற்சி, அதன் உறுப்பு நாடுகளுக்கும் அதனுடன் ஒப்பந்தம் கொண்ட சில நாடுகளுக்கும் உரிய குடிமக்களுக்கானது. இந்தியா அதன் உறுப்பு நாடு அன்று. ஆனால் அம்முகமையின் பெரும்பாலான அறிவியல் தரவு உலகில் எவருக்கும் திறந்தே இருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனமும் இராமன் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. மாணவர்களுக்கான பயிற்சித் திட்டங்களை அவை நடத்துகின்றன. வீட்டிலிருந்தபடியே பங்கேற்க விரும்புவோர், ஆஸ்ட்ரோபை போன்ற திறந்த மூல வானியல் மென்பொருள்களுக்குப் பங்களிக்கத் தொடங்கலாம்.

விண்ணப்பத்துடன் பத்து இணையவழிச் சான்றிதழ்களை இணைப்பதைவிட, உண்மையான தரவைப் படிக்கும் சிறு கருவி ஒன்றைக் காட்டுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. பெங்களூருக்கு அருகில் பயலாலுவில் உள்ள இஸ்ரோவின் தரவு மையம் வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட், சந்திரயான்-2, ஆதித்யா எல்1 ஆகியவற்றின் தரவைப் பதிவுசெய்துகொள்பவர்களுக்கு இணையவழியே வழங்குகிறது. தொடங்குவதற்கு அதுவே போதும்.

அத்தரவு பெரும்பாலும் ஃபிட்ஸ் எனப்படும் கோப்பு வடிவில் கிடைக்கும். 1981 முதல் வானியலாளர்கள் பயன்படுத்திவரும் இவ்வடிவில், எண்களுக்கு முன்னே ஒவ்வொன்றும் 80 எழுத்துகள் கொண்ட வரிகளால் ஆன தலைப்புப் பகுதி ஒன்று இருக்கும். புதியவர்கள் அதைத் தாண்டி நேராக எண்களுக்குப் போய்விடுகிறார்கள். அலகு, நேர முறை, அளவீட்டுக் கருவியின் பெயர், வானில் நோக்கிய திசை ஆகிய அனைத்தும் அந்தத் தலைப்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஃபிட்ஸ் படப்புள்ளிகளை 1இலிருந்து எண்ணுகிறது, பைத்தான் நிரல்மொழி 0இலிருந்து எண்ணுகிறது. அச்சுகளின் வரிசையும் பைத்தானில் தலைகீழாகிவிடும். இதை அறியாதவரின் நிரல் ஒரு விண்மீனுக்குப் பதிலாக அதன் பக்கத்துப் புள்ளியை அளந்துவிட்டு அமைதியாக முடிந்துவிடும்.

நேரத்தைக் கையாள்வதில் நேரும் தவறுகளே மிகப் பலவாகவும் மிக ஆழமாகவும் இருக்கின்றன. நம் கைக்கடிகாரம் காட்டும் நேரத்துக்கு அடிப்படையான யூடிசியில் அவ்வப்போது ஒரு வினாடி கூட்டப்பட்டுவந்தது; வானியலில் பயன்படும் டிடி என்னும் புவி நேரத்தில் அத்தகைய கூட்டல் இல்லை. கடைசியாக ஒரு வினாடி கூட்டப்பட்ட 2016 இறுதிக்குப் பின் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 69.184 வினாடிகள். மேலும், ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கென ஒரு தொடக்க நாளிலிருந்து வினாடிகளை எண்ணுகிறது. ஆஸ்ட்ரோசாட்டுக்கு அந்நாள் 2010 ஜனவரி 1. ஐரோப்பாவின் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளான எக்ஸ்எம்எம்-நியூட்டனுக்கு 1998 ஜனவரி 1. இரண்டின் தரவையும் ஒரே வரைபடத்தில் சேர்ப்பவர் தொடக்க நாளைச் சரியாக மாற்றிவிட்டு நேர முறையை மறந்தால், வரைபடம் பார்வைக்குக் குறையின்றி இருக்கும், ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகியிருக்கும். இதோடு, பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரே மூலத்திலிருந்து, அதாவது ஒளியை உமிழும் ஒரே விண்பொருளிலிருந்து, வரும் ஒளி ஆண்டின் ஒரு பகுதியில் எட்டு நிமிடத்துக்கு மேல் முந்தியும் மற்றொரு பகுதியில் அதே அளவு பிந்தியும் நம்மை அடையக்கூடும். இதைச் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றித் திருத்தாவிட்டால், வினாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழலும் நண்டு நெபுலாத் துடிப்பு விண்மீனின் துடிப்புகள் நீண்ட கால அளவீட்டில் கலைந்துபோகும்.

நேரத்தைச் சேமிக்கும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நினைவகத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, ஒரு மாணவர் எல்லா நெடுவரிசைகளையும் 32 பிட் எண்களாக மாற்றினார். வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் எண் இப்போது 24,60,000ஐக் கடந்துவிட்டது. அந்த அளவில் 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணால் அடுத்தடுத்துக் குறிக்கக்கூடிய இரு மதிப்புகளுக்கு இடையே கால் நாள், அதாவது ஆறு மணி நேரம், இடைவெளி உண்டு. அவருடைய ஓர் இரவு அளவீடுகள் ஓரிரு நேரப் புள்ளிகளில் குவிந்து நின்றன. நிரலோ ஒரு குறையும் கூறவில்லை. 64 பிட்டில் இந்த இடைவெளி ஏறத்தாழ 40 மைக்ரோவினாடியாகச் சுருங்கும். நுண்ணிய நேர ஆய்வுக்கு அதுவும் போதாது என்பதால்தான் ஆஸ்ட்ரோபை நேரத்தை இரண்டு 64 பிட் எண்களாகப் பிரித்து வைக்கிறது.

தருமபுரியைச் சேர்ந்த ஒரு மாணவி, எக்ஸ் கதிரை உமிழும் மூலம் ஒன்றில் ஏறத்தாழ 98 நிமிடச் சுழற்சியைக் கண்டதாக மகிழ்ச்சியோடு வந்தார். 650 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரம் அதுவே. ஒவ்வொரு சுற்றிலும் பூமி மூலத்தை மறைக்கும் இடைவெளிகளை அவருடைய நிரல் ‘ஒளி இல்லாத நேரம்’ என்று எடுத்துக்கொண்டிருந்தது. நல்ல அளவீட்டு நேரங்களின் பட்டியல் தனி அட்டவணையாகத் தரவோடே வருகிறது. அதைப் படிக்காமல், கிடைத்த ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) எண்ணிக்கையை மொத்த நேரத்தால் வகுப்பவருக்கு மூலத்தின் பிரகாசமும் குறைவாகவே தெரியும்.

பின்னணியை, அதாவது மூலத்திலிருந்து வராமல் அளவீட்டில் கலந்துவிடும் பகுதியை, கழிப்பதைப் பலர் எளிய வேலையாக நினைக்கிறார்கள். நம் மாங்காய் மண்டியில் எடை போடும்போது பெட்டியின் எடையைக் கழிப்பது போன்றதுதான் அது. ஆயினும் பெட்டியின் எடை மாறாதது, விண்வெளிப் பின்னணியோ இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுவது, அதற்கென ஒரு பிழை அளவும் உடையது. ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர் உணர்கருவியான லாக்ஸ்பிசி படம் எடுக்கும் கருவி அன்று. ஆகவே அதன் பின்னணியை, பிரகாசமான மூலம் இல்லாத வானப் பகுதியை நோக்கிய அளவீடுகளைக்கொண்டு மதிப்பிட வேண்டியிருக்கிறது. மங்கிய மூலத்துக்குக் கழித்தபின் எதிர்ம எண்கள் வருவது இயல்பு. அவற்றைத் தவறு என்று கருதிச் சுழியாக்குபவர், இல்லாத ஒளியைத் தம் தரவுக்குள் சேர்க்கிறார்.

எதிர்ம எண்ணைக் கண்டு எழும் இதே அச்சம், விண்மீன்களின் இடங்களையும் தொலைவுகளையும் அளந்த ஐரோப்பியச் செயற்கைக்கோளான கையாவின் தரவிலும் தலைகாட்டுகிறது. 2022இல் வெளியான அதன் மூன்றாம் தொகுப்பில் ஏறத்தாழ 180 கோடி மூலங்கள் உள்ளன. மங்கிய விண்மீன்கள் பலவற்றுக்கு, தொலைவைக் கணிக்க உதவும் இடமாறு கோணம் (தொலைவு கூடினால் இது குறையும்) எதிர்ம எண்ணாகவே பதிவாகியிருக்கிறது. உண்மைக் கோணம் அளவீட்டுப் பிழையைவிடச் சிறியதாக இருக்கும்போது அவ்வாறு நிகழும். எதிர்ம மதிப்புள்ளவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் சராசரியை எடுத்தால், விண்மீன் கூட்டம் உண்மையில் இருப்பதைவிட அருகில் இருப்பதாகத் தோன்றும். இத்தொகுப்பு முழுவதையும் பதிவிறக்க முனைவதும் வேண்டாத வேலை. வினவல் மொழியில் தேவையான வரிசைகளை மட்டும் கேட்டுப் பெறலாம், ஊரில் கிடைக்கும் இணைய வேகத்துக்கும் அதுவே ஏற்றது.

இனி, கருவியாக்கும் வேலை. தன் கணினியில், தன் கோப்பில் ஒருமுறை சரியாக ஓடியதையே சோதனை என்று கொள்வது பெருந்தவறு. விடை நமக்கு முன்பே தெரிந்த செயற்கைத் தரவை உருவாக்கி, கருவி அந்த விடையைத் திருப்பித் தருகிறதா என்று பார்க்க வேண்டும். வெறுங்கோப்பு, ஒரே ஒரு ஃபோட்டான் உள்ள கோப்பு, நடுவில் இடைவெளி உள்ள கோப்பு ஆகியவற்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணுக்கு அருகிலேயே அலகும் இருக்கட்டும். 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்த உந்துவிசை மதிப்பை மற்றொன்று நியூட்டன் அலகில் எடுத்துக்கொண்டதே. அளவீட்டுக் கருவிக்கான எந்தத் திருத்தக் கோப்பின் எந்தப் பதிப்பைக்கொண்டு முடிவு பெறப்பட்டது என்பதை வெளியீட்டுக் கோப்பின் தலைப்பிலேயே நம் மென்பொருள் எழுதிவைக்க வேண்டும். அத்திருத்தங்கள் ஆண்டுதோறும் மேம்படுபவை என்பதால், அக்குறிப்பு இல்லாத முடிவை இரண்டு ஆண்டுகள் கழித்து எவராலும் மீண்டும் பெற இயலாது.

தமிழ்வழியில் படித்தவர்கள், ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கி, ஒரே தடையில் பல நாள் தனியே போராடுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். எந்தக் கட்டளையைக் கொடுத்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று எளிய வாக்கியங்களை எழுதி வழிகாட்டியிடம் அனுப்பினால் போதும்; இலக்கணப் பிழையை எவரும் பொருட்படுத்துவதில்லை. பயிற்சியின் கடைசி மாதத்தில் புதிய வசதிகளைச் சேர்க்கவே கூடாது. அம்மாதத்தில், கருவியை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் செய்முறைக் குறிப்பை மட்டும் கொடுத்து, வேறொரு கணினியில் நிறுவச் சொல்லி, அவர் எங்கெங்கே தடுமாறுகிறார் என்பதைப் பக்கத்தில் அமர்ந்து வாய் திறவாமல் குறித்துக்கொண்டு, அந்த இடங்களைத் திருத்த வேண்டும்.