மகளுக்குப் பங்கு உண்டா? ஒரே கேள்வியை வைத்துச் சட்ட ஆராய்ச்சி பழகுவோம்

சட்டக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் எல்லோரும் திணறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கேள்வி தருகிறார்கள். கூகுளில் தட்டினால் பத்துத் தீர்ப்புகள் வந்து விழுகின்றன, ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. எதை எடுத்து எழுதுவது? பொதுவாகப் பேசினால் இது விளங்காது. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் ஓர் இந்துக் குடும்பம். அப்பா 2001-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மகளுக்கு 1985-இலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பூர்வீகச் சொத்து இன்றுவரை பாகம் பிரிக்கப்படவில்லை. பிறப்பாலேயே சொத்தில் பங்குள்ளவர் என்று சொல்லி, அண்ணன் தம்பிகளுக்குச் சமமாக அந்த மகள் கேட்க முடியுமா?

முதலில் தேதிகளை எழுதுங்கள்

தேடுவதற்கு முன் ஒரு தாளில் 1985, 2001, பாகப்பிரிவினை இல்லை என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, சொத்து பூர்வீகமா, அப்பாவின் சுயார்ஜிதமா, அதாவது அவரே சம்பாதித்ததா, என்பதையும் எழுதுங்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு. இதைக் குறிக்காமல் தேட ஆரம்பித்தால் சம்பந்தமில்லாத தீர்ப்புகளில் ஒரு நாள் போய்விடும்.

இரண்டாவது, சட்டப் பிரிவு

தீர்ப்புக்கு ஓடாதீர்கள். முதலில் சட்டத்தின் வாசகத்தைப் படியுங்கள். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நமக்கு வேண்டியது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 6.

இங்கேதான் கவனம் வேண்டும். தமிழ்நாடு 1989-இலேயே 29-ஏ பிரிவைச் சேர்த்து மகள்களையும் கோபார்சனர், அதாவது பிறப்பாலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குள்ளவர், ஆக்கியது. ஆனால் 25.3.1989-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது என்றது. பழைய புத்தகத்தை மட்டும் பார்த்தவர், "1985-இல் கல்யாணமா? உங்களுக்குக் கிடையாதும்மா" என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார். அது தவறு. நாடாளுமன்றம் கொண்டுவந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் 9.9.2005 அன்று அமலுக்கு வந்தது. அது கல்யாணமானவர், ஆகாதவர் என்று பிரிக்கவே இல்லை. ஒரு புத்தகத்தின் பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் விட்டதால் ஒரு பெண்ணின் பங்கு போயிருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பிரிவு 6-ஐ முழுதாக, அடியில் உள்ள விளக்கம் வரை படியுங்கள். 20.12.2004-க்கு முன் முடிந்த பாகப்பிரிவினையைத் திருத்தம் தொடாது என்றும், பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும் என்றும் அங்கேதான் இருக்கிறது. ஏன் அந்தத் தேதி? மசோதா மாநிலங்களவையில் அறிமுகமான நாள் அது. சட்டம் வருவது தெரிந்து அவசரமாகப் பிரித்துக்கொள்பவர்களுக்கு வாசல் அடைக்கப்பட்டது.

மூன்றாவது, தீர்ப்புகள்

உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளம், இந்தியன் கானூன் இரண்டும் இலவசம். கல்லூரியில் எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்கள் இருந்தால் இன்னும் நல்லது. "மகள் உரிமை" என்று பொத்தாம் பொதுவாகத் தேடாமல் பிரிவு எண்ணையும் திருத்த ஆண்டையும் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் கண்ணில் படக்கூடியது பிரகாஷ் எதிர் பூலவதி, 2015. இரண்டு நீதிபதிகள் அமர்வு. 9.9.2005 அன்று அப்பாவும் மகளும் இருவருமே உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்கிறது. நம் கேள்வியில் அப்பா 2001-இலேயே இறந்துவிட்டார். எனவே பங்கு இல்லை. பலர் இந்த இடத்தில் மடிக்கணினியை மூடிவிடுகிறார்கள்.

மூடாதீர்கள். அடுத்தது தனம்மா எதிர் அமர், 2018. இதுவும் இரண்டு நீதிபதிகள்தான். அந்த வழக்கிலும் அப்பா இறந்தது 2001. ஆனால் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. சம பலமுள்ள இரண்டு அமர்வுகள் எதிரெதிராக நிற்கும்போது நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிடப் பெரிய அமர்வு ஏதாவது இதைத் தீர்த்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

தீர்த்திருக்கிறது. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா, 11.8.2020, மூன்று நீதிபதிகள். மகளின் உரிமை பிறப்பால் வருவது, ஆகவே 2005-இல் அப்பா உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்றது. பூலவதி தீர்ப்பு ஓவர்ரூல் ஆனது, அதாவது இனி அது சட்டமாகச் செல்லாது. தனம்மாவில் முரண்பட்ட பகுதியும் ஓவர்ரூல் ஆனது. நம் கேள்விக்கு விடை: கேட்க முடியும்.

நான்காவது, தீர்ப்பு இன்றும் நிற்கிறதா?

என்னைக் கேட்டால் ஆராய்ச்சியின் பாதி வேலை இதுதான். பூலவதி தீர்ப்பு இன்றும் இணையத்தில் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் "இது செல்லாது" என்று யாரும் சிவப்பில் எழுதி வைப்பதில்லை. எனவே கையில் எடுக்கும் ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னால் வந்த தீர்ப்புகள் என்ன செய்தன என்று பாருங்கள். இந்தியன் கானூனில் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியல் இருக்கும். அதில் புதியவற்றிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்.

ஏஐ கருவியிடம் கேட்டு வாங்கிய வழக்குப் பெயருக்கும் இதே சோதனை உண்டு. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்கள்மீது நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தீர்ப்பைத் திறந்து நீங்களே படிக்காத வழக்கை எழுதவே எழுதாதீர்கள்.

அப்புறம், படிக்கும் முறை

எஸ்.சி.சி. போன்ற சட்ட இதழ்களில் தீர்ப்பின் மேலே இருக்கும் சுருக்கமான ஹெட்நோட்டை இதழ் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள், நீதிபதி அல்ல. எந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்று காட்ட அது உதவும், மேற்கோளுக்கு உதவாது. வினீதா சர்மா மிக நீளமான தீர்ப்பு. முதலில் வழக்கின் விவரம், பிறகு நேராகக் கடைசியில் உள்ள விடைகள், அதன்பின் நடுவில் உள்ள காரணங்கள் என்று படித்தால் பிடிபடும். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. புரிந்துகொள்ள அதைப் படியுங்கள், மேற்கோளை ஆங்கில மூலத்திலிருந்தே எடுங்கள்.

சட்டம் ஏன் மாறியது என்று எழுத வேண்டுமானால் சட்ட ஆணையத்தின் 174-ஆவது அறிக்கையை, 2000-இல் வந்தது, படியுங்கள். கட்டுரைகளும் உரைநூல்களும் வழிகாட்டும். ஆனால் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவது சட்டமும், அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டமும்தான்.

சைட்டேஷனில், அதாவது தீர்ப்பு எந்த இதழில் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பில், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. "(2020) 9 எஸ்.சி.சி. 1" என்றால் 2020-ஆம் ஆண்டு, ஒன்பதாவது தொகுதி, முதல் பக்கம். ஒரே தீர்ப்புக்கு இதழுக்கு இதழ் பத்தி எண் மாறலாம். அதனால் எந்த இதழிலிருந்து எடுத்தீர்களோ அதன் எண்ணையே கடைசி வரை பயன்படுத்துங்கள். குறிப்பேட்டில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் எதிரே அமர்வில் எத்தனை நீதிபதிகள், எந்தப் பத்தி, இன்னும் நிற்கிறதா என்று எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். கட்டுரையைக் கொடுக்கும் நாளன்று காலையில் அந்தத் தேதியைப் புதுப்பித்துவிடுங்கள்.