பழைய கிட்டார் ஆம்ப்புக்கு வால்வு வாங்கும்முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது, உள்ளே இருக்கும் வால்வுகளைப் பிடுங்கி வைத்துவிட்டுப் புது செட்டுக்கு ஆர்டர் போடுவது. வேலையின் வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. வால்வு கடைசியில் முடிவு செய்ய வேண்டிய பொருள். எந்த சாக்கெட்டுக்கு எது, அது எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை சர்க்யூட்தான் சொல்லும். அந்த சர்க்யூட் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்க்காமல் மாட்டும் வால்வு, என்ன விலை கொடுத்து வாங்கியதானாலும், கருகத்தான் போகிறது.

பொதுவாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால் ஒரே ஆம்ப்பை எடுத்துக்கொள்கிறேன்: 1960களின் நடுவில் ஃபெண்டர் தயாரித்த, கறுப்பு முகப்பு கொண்ட டீலக்ஸ் ரிவெர்ப். 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஏபி763 என்ற சர்க்யூட், மொத்தம் ஒன்பது வால்வுகள். பெட்டியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சிறு காகிதத்தில் எந்த இடத்துக்கு எந்த வால்வு என்று அச்சிட்டிருக்கும். அதே காகிதத்தில் ரப்பர் ஸ்டாம்ப்பால் இரண்டு எழுத்துகள் குத்தியிருப்பார்கள். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 1951-க்கு ‘ஏ’ என்று தொடங்கி எண்ணினால் ‘என்’ 1964, ‘ஓ’ 1965. இந்தக் காகிதம் கிழியாமல் இருந்தால் உங்களுக்கு யோகம். இதைப் படிக்காமல், மாட்டியிருக்கும் வால்வைப் பார்த்து அதே நம்பரை வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அறுபது வருடத்தில் அந்த ஆம்ப் எத்தனை பேர் கை மாறியிருக்கும்! யாரோ ஒருவர் அவசரத்துக்குக் கிடைத்ததைச் சொருகியிருக்கலாம்.

அடுத்து, வால்வைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை. பவர் சப்ளையின் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் ஒரிஜினலாகவே இருந்தால் அவை காலாவதியானவை, மாற்றியே ஆக வேண்டும். அவற்றைவிட முக்கியம் பயாஸ் சப்ளையில் இருக்கும் சின்ன கெபாசிட்டர். பவர் வால்வின் (ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வு) கிரிட் என்ற கட்டுப்பாட்டு முனைக்கு மைனஸ் வோல்ட்டேஜ் கொடுத்து கரண்ட்டைக் கட்டுக்குள் வைத்திருப்பது அந்தப் பகுதிதான். அது படுத்துவிட்டால் இரண்டு பவர் வால்வுகளின் பிளேட்டும் (உள்ளே தெரியும் உலோகத் தகடு) சில நிமிடங்களில் செக்கச்சிவந்துவிடும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டரில் கசிவு இருந்தாலும் அதே கதி. புதிதாக வாங்கிய ஜோடி இப்படிச் சிவப்பதைப் பார்த்து வால்வு விற்றவரைத் திட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலும் தப்பு ஆம்ப்பில்தான் இருக்கும். எனவே முதலில் பவர் வால்வு இரண்டையும் கழற்றி வைத்து, சீரிஸ் லேம்ப் (மின்வழியில் தொடராக மாட்டிய பல்பு) வழியாக ஆம்ப்பை ஆன் செய்து, அந்த சாக்கெட்டுகளின் ஐந்தாம் பின்னில் மைனஸ் வோல்ட்டேஜ் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வராமல் வால்வைச் சொருகாதீர்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, இறங்கிவிட்டதை மீட்டரில் உறுதி செய்யாமல் கை வைக்கக் கூடாது. இதில் பழக்கம் இல்லையென்றால் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சங்கதி சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் விற்ற டீலக்ஸ் ரிவெர்ப் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் ஓடினால் கூடுதலாகச் சூடாகும். அதனால் 120 வோல்ட் கொடுப்பதைவிட 110-ஐ ஒட்டிக் கொடுப்பது நல்லது. வால்வை உள்ளே சூடேற்றும் இழையான ஹீட்டரின் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 6.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பத்து சதவீதம் ஏற இறங்க, அதாவது 5.7 முதல் 6.9 வரை, வால்வு தாங்கும். 110 கொடுத்தால் 5.9 வாக்கில் வரும், அது போதும்.

இனி பவர் வால்வு. இந்த ஆம்ப்பில் இருப்பது இரண்டு 6வி6ஜிடி. ஆம்ப்புகளிலேயே மிக இனிமையாக உடைந்து பாடும் வால்வு இதுதான் என்பது என் துணிபு. பழைய டேட்டா ஷீட்டில் இதன் பிளேட்டுக்கு அதிகபட்சம் 315 வோல்ட் என்று இருக்கும்; பின்னாளில் வேறு கணக்கு முறையில் அதை 350 என்றார்கள். ஃபெண்டர் கொடுத்ததோ 415 வோல்ட்டை ஒட்டி! அன்றைய ஆர்சிஏ, ஜிஇ, சில்வேனியா தயாரிப்புகள் அதைத் தாங்கின. ‘6வி6’ என்று எழுதியிருக்கும் எல்லா வால்வும் தாங்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ரேடியோவில் 250 வோல்ட்டில் சுகமாக வாழ்ந்த வால்வு இங்கே வந்தால் உள்ளே பொறி பறக்கலாம். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 420 வோல்ட்டில் ஓட்டிப் பார்த்ததா? இன்றைய தயாரிப்புகளில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே 6வி6எஸ் இந்த வோல்ட்டேஜைத் தாங்குவதற்குப் பெயர் போனது. பழையதன் நெளிவு அதில் கொஞ்சம் குறைவு என்பார்கள். நிம்மதியாக மேடையேற வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

சத்தம் கூடட்டும் என்று 6எல்6ஜிசி என்ற பெரிய பவர் வால்வைச் சொருகுவது அடுத்த தவறு. சாக்கெட்டில் உட்காரும், பாடவும் செய்யும். ஆனால் 6வி6 ஒன்றின் ஹீட்டர் எடுப்பது 0.45 ஆம்பியர், 6எல்6 எடுப்பது 0.9. இரண்டு வால்வுக்கும் சேர்த்துக் கூடுதலாக 0.9 ஆம்பியரை அறுபது வயது டிரான்ஸ்ஃபார்மர் தலையில் ஏற்றுகிறீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்கானது அல்ல. வால்வு போனால் வேறு வாங்கலாம், ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மர் போனால் போனதுதான்.

இன்னொரு பெரிய பவர் வால்வான இஎல்34 விஷயம் இன்னும் மோசம். ஆம்ப்பைத் திருப்பிப் போட்டு 6வி6 சாக்கெட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒன்றாம் பின்னுக்கும் ஐந்தாம் பின்னுக்கும் இடையே 1500 ஓம் ரெசிஸ்டர், நான்குக்கும் ஆறுக்கும் இடையே 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். 6வி6-க்கு ஒன்றாம் பின் தேவையில்லை. ஆறாம் பின்னும் அப்படியே. சும்மா கிடக்கிறதே என்று ஃபெண்டர் அவற்றை சால்டர் செய்யும் முனையாகப் பயன்படுத்திக்கொண்டது. இஎல்34-ல் ஒன்றாம் பின் சும்மா கிடப்பதில்லை. சப்ரஸர் கிரிட் என்ற இன்னொரு கிரிட் அங்கேதான் வருகிறது. அது கேத்தோடான (எலெக்ட்ரான்களை வெளியிடும் முனை) எட்டாம் பின்னோடு சேர வேண்டியது. இங்கே அதற்குக் கிடைப்பது பயாஸ் வோல்ட்டேஜும் கிட்டார் சிக்னலும். போதாததற்கு அதன் ஹீட்டருக்கு 1.5 ஆம்பியர் வேண்டும். சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பவர் வால்வை மாற்றிவிட்டு பயாஸ் பார்க்காமல் மூடிவிடுவது, எல்லாவற்றிலும் அதிகமாக நடப்பது. ‘மேட்ச் செய்த ஜோடி’ என்று பெட்டியில் எழுதியிருப்பது அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்பதற்குத்தான். உங்கள் ஆம்ப்புக்குச் சரி என்று அது சொல்லவில்லை. கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு ஓம் ரெசிஸ்டர் வைத்தால், மீட்டரில் தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். 6வி6-ன் பிளேட் தாங்கும் வாட்டேஜ் 12. புதிய கணக்கில் 14. அதில் எழுபது சதவீதம் என்பது நடைமுறையில் உள்ள மேல் எல்லை. 14-ல் எழுபது சதவீதம் 9.8 வாட், அதை 415 வோல்ட்டால் வகுத்தால் 23 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல். 12-ஐ வைத்துப் போட்டால் 20. இந்த இரண்டுக்கும் இடையில் வைத்துக் காதால் தேர்ந்தெடுங்கள். கேத்தோடில் அளப்பதில் ஸ்க்ரீன் கரண்ட்டும் சேர்ந்து வரும் என்பதால் உண்மையான பிளேட் கரண்ட் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அது நமக்குச் சாதகம். பயாஸைத் திருகத் திருக பிளேட் வோல்ட்டேஜும் நகரும். இரண்டையும் மாறி மாறி அளக்க வேண்டும். டீலக்ஸ் ரிவெர்ப்பில் இதற்கென்று திருகு இருக்கிறது. அதன் தம்பியான பிரின்ஸ்டன் ரிவெர்ப்பில் கிடையாது. அங்கே ரெசிஸ்டரை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்கு ஜிஇசட்34 வால்வு. அதை எடுத்துவிட்டு டையோடு வைத்த சாலிட்-ஸ்டேட் பிளக்கைச் சொருகினால் வோல்ட்டேஜ் ஏறும், ஏற்கெனவே எல்லை தாண்டி ஓடும் 6வி6-க்கு அது கூடுதல் சுமை. வோல்ட்டேஜைக் குறைக்க 5யு4ஜிபி போடலாம் என்ற யோசனையில் நியாயம் உண்டு, ஆனால் ஜிஇசட்34-ன் ஹீட்டர் எடுப்பது 1.9 ஆம்பியர், 5யு4ஜிபி எடுப்பது 3. உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் 5 வோல்ட் சுற்று அதற்குத் தாங்குமா என்று தெரியாமல் செய்யாதீர்கள்.

பணம் வீணாவது அதிகமும் சின்ன வால்வுகளில், அதாவது ப்ரீஆம்ப் வால்வுகளில். ஆம்ப்பின் பின்னால் நின்று பார்த்தால் வலது கோடியில் இருப்பது முதல் வால்வு, நார்மல் சேனலுக்கானது. இரண்டாவது வால்வு, ரிவெர்ப் (எதிரொலி) இருக்கும் சேனலின் முதல் கட்டம். பெரும்பாலோர் வாசிப்பது இதில்தான். கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னல் முதலில் ஏறும் இடம் என்பதால் இரைச்சலும் இங்கேதான் பெரிதாகும். நல்ல பழைய 7025 அல்லது இசிசி83 (இரண்டும் 12ஏஎக்ஸ்7 வகைதான்) ஒன்றுக்குச் செலவழிக்க மனமிருந்தால் இந்த இடத்தில் செலவழியுங்கள். ஐந்தாவது வால்வு, ஒலியளவைத் துடிக்க வைக்கும் ட்ரெமொலோவை ஓட்டுவது. ஒலி அதன் வழியாகப் போவதே இல்லை. அங்கே விலை உயர்ந்த டெலிஃபுங்கன் வைப்பது வீண். அதற்கு வேண்டியது கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மட்டும். கெயின் குறைந்த கிழட்டு வால்வோ, வேண்டுமென்றே கெயின் குறைத்துச் செய்த 5751-ஓ அங்கே இருந்தால் ட்ரெமொலோ துடிக்காமல் போகலாம்.

மூன்றாவதும் ஆறாவதும் 12ஏடி7. பின் அமைப்பு ஒன்றுதானே, கெயினும் 60-க்குப் பதில் 100 கிடைக்குமே என்று 12ஏஎக்ஸ்7 வைப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது வால்வு ரிவெர்ப் ஸ்பிரிங்கை ஆட்ட வேண்டும், அதற்குத் தேவை கரண்ட். 12ஏஎக்ஸ்7 வழக்கமாக ஒரு மில்லிஆம்பியர் வாக்கில் ஓடும் வால்வு. 12ஏடி7 பத்து வரை தாராளமாகத் தரும். கெயின் எண்ணை மட்டும் பார்த்து வால்வு தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இந்த ஆம்ப்பில் இல்லை.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. முல்லார்ட், டங்-சோல், கோல்ட் லயன், ஸ்வெட்லானா என்று பல பழைய பெயர்களில் இன்று புதிதாக விற்கும் வால்வுகள் ரஷ்யாவின் சராடோவில் ஒரே தொழிற்சாலையில் உருவாகின்றன. பெயருக்கான உரிமை அமெரிக்காவின் நியூ சென்சார் நிறுவனத்திடம் இருக்கிறது. வால்வு மோசம் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த முல்லார்ட்டுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே பொது, அவ்வளவுதான். உண்மையான பழைய சரக்கிலும் மேலே இருக்கும் பெயிண்ட்டை நம்ப முடியாது. கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் தங்கள் முத்திரையைப் பதித்துக்கொண்டன. உள்ளமைப்பையும் கண்ணாடியில் பொறித்த குறியீட்டையும் பாருங்கள். டெலிஃபுங்கனுக்கு அடியில், பின்களுக்கு நடுவே கண்ணாடியில் வைர வடிவம் இருக்கும். நம் பக்கத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த இசிசி83-ஐப் பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் விசாரித்துப் பாருங்கள்; நல்ல வால்வு, ஒதுக்கிவிட வேண்டாம்.

கழற்றிய பழைய வால்வுகளைக் குப்பையில் போடாதீர்கள். ப்ரீஆம்ப் வால்வுகள் பல பத்தாண்டுகள் உழைக்கும். உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அது செத்த வால்வு. பவர் வால்வின் கண்ணாடிச் சுவரை ஒட்டி நீல ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. பிளேட்டுக்கு உள்ளே ஊதாவாக மேகம்போல் மினுங்கினால் மட்டும் உடனே அணையுங்கள். பென்சிலால் மெல்லத் தட்டும்போது மணிபோல் ஸ்பீக்கரில் ஒலிக்கும் ப்ரீஆம்ப் வால்வை முதல் இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ட்ரெமொலோவுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்பீக்கர் இருக்கும் அதே பெட்டியில் வால்வுகள் தலைகீழாகத் தொங்குகின்றன, அந்த அதிர்வு முழுக்க அவற்றுக்குத்தான் போகிறது.

எல்லாம் மாட்டியபின் ஸ்பீக்கர் இணைப்பைச் சரிபார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் நன்றாக வாசியுங்கள். பிறகு பயாஸை இன்னொரு முறை அளங்கள். புது ஜோடி முதல் சில மணி நேரத்தில் நகரும்.