எஃப்ஐ பைக்கில் மிக்ஸ்சர் கோளாறு: நான் சரிசெய்த விதம்

கார்புரேட்டர் வண்டியில் ஸ்க்ரூவைத் திருகினால் மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) மாறும். என்னுடைய 150 சிசி பிஎஸ்6 வண்டி எஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் வகை; அதில் மிக்ஸ்சருக்கென்று ஸ்க்ரூவே கிடையாது. மைலேஜ் இறங்கியது, சைலன்சரில் பெட்ரோல் வாடை அடித்தது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். "ஈசியுவை மாத்திடலாம்" என்றார் மெக்கானிக் அண்ணன்; பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான் ஈசியு. எனக்கு மனம் ஒப்பவில்லை.

சீராக ஓடும்போது ஈசியு மிக்ஸ்சரைத் திருத்துவது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துத்தான். சுத்தமான பெட்ரோல் என்றால் எடைக்கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று. சென்சாருக்கு முன்னால் பெண்ட் பைப்பில் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் சொல்லும், ஈசியு இன்னும் ஊற்றும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் ஸ்டார்ட் செய்து, பைப் எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் உடனே சோப்புத் தண்ணீர் தெளித்தேன். குபுகுபுவென்று நுரை. இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருந்தது! புதியது போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். பிளக்கும் புதிது. அப்புறம் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் பிளக் நுனி இளம்பழுப்பு. வாடையும் இல்லை, மைலேஜும் பழையபடி வந்துவிட்டது.