பனினி பிரஸ் வாங்க முதல் தோசைக்கல்லில் சுட்டுப் பாருங்கள்

பனினி பிரஸ் என்பது பாணை இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவில் அழுத்திச் சுடும் மின்கருவி. அதற்குப் பதிலாக இரும்புத் தோசைக்கல்லைக் காயவிட்டு, சீஸும் வறட்டிய இறைச்சிக் கறியும் வைத்த பாணை வெளிப்பக்கம் மாஜரின் பூசிப் போடுங்கள். பக்கத்து அடுப்பில் சூடாக்கிய, அடி தட்டையான கனத்த தாச்சியை மேலே வையுங்கள். கரி பிடித்த அடியென்றால் இடையில் ஒரு வாழையிலைத் துண்டு.

பாரம் பாணை இரும்போடு ஒட்ட அழுத்துவதால் முறுகல் சீராக வரும். மேலிருந்தும் சூடு இறங்குவதால் சீஸ் உருகிப் பிடிக்கும். பிரஸ் செய்வதும் இதைத்தான். என்ன, பிரஸ் தட்டு பாணில் பதிக்கும் அந்தக் கோடுகள் விழாது. குழம்பு ஓடும் கறி மட்டும் வேண்டாம், பாண் ஊறிவிடும்.

காலையில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் சுட வேண்டிய வீடு, அல்லது காஸ் அடுப்பில்லாத வாடகை அறை என்றால் சரி, பிரஸ் வாங்கலாம்.