தனுஷ்கோடியில் கோடை நடை: பறவை பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூநாரைகள் கிளம்பிவிட்டன, இனி தனுஷ்கோடி மணலில் பார்க்க ஒன்றுமில்லை என்று எண்ணுவதுதான் முதல் தவறு. வலசை வந்த பறவைகளில் பெரும்பாலானவை ஏப்ரல் வாக்கில் வடக்கே போய்விடுகின்றன என்பது உண்மையே. ஆனால் இங்கேயே தங்கி வாழும் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது கோடையில்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஓர் உப்புக்கொத்தியை ஆய்வாளர்கள் 2023-இல் தனி இனமாகப் பிரித்து, இந்த மணல்திட்டுகளின் கதையை நினைத்தோ என்னவோ, அதற்கு அனுமனின் பெயரைச் சூட்டினார்கள்.

இரண்டாவது தவறு இதைவிடக் கொடியது. அலை நனைக்கும் ஈர மணலை விட்டு, நடக்க இதமாக இருக்கிறதென்று மேட்டு மணலில் நடக்கிறோம். கூடு என்று சொல்ல அங்கே எதுவும் இருக்காது. உள்ளங்கை அளவுக் குழியும், சிப்பித் துண்டுகளுக்கு நடுவே கரும்புள்ளி தெளித்த மணல்நிற முட்டைகள் இரண்டு மூன்றுமே இருக்கும். உப்புக்கொத்தி ஒன்று சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினால், அடிபட்ட பறவை என்று இரங்கிப் பின்தொடராதீர்கள். முட்டையிலிருந்து உங்களை விலக்கிக் கூட்டிப்போகவே அது அப்படி நடிக்கிறது. வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவிடுவது நல்லது. படத்துக்காக அங்கேயே நின்றால், தாய் அடைகாக்காத முட்டைகள் வெயிலில் வெந்துபோகும். இல்லாவிட்டால் காகம் பார்த்துவிடும்.

காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்புவதும் பலருடைய வழக்கம். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பி, எவ்வளவு விலையுயர்ந்த இருநோக்கியிலும் பறவை நெளிந்துதான் தெரியும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்துவிட்டால், பட்டாம்பூச்சிகளைத் திறந்த வெளியில் தேடுவதும் வீண். புதர்களின் காற்று மறைவில் அவை ஒதுங்கியிருக்கும். பூவை மட்டும் பார்ப்பதும் போதாது. எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் ஆண்கள், காய்ந்த தேள்கொடுக்குச் செடியைச் சுரண்டி உறிஞ்சுவதைக் கண்டிருக்கிறேன். பெண்ணைக் கவரும் மணத்துக்கு வேண்டிய பொருள் அந்தச் சருகில்தான் கிடைக்கிறது. அதே ஆரஞ்சு நிறத்தில் பறப்பதெல்லாம் வெந்தய வரியன் என்று குறித்துக்கொள்வதும் பிழையாகலாம். பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இல்லாமல், மேல் விளிம்பில் ஒன்று மட்டும் இருந்தால், அது பறவைகளை ஏமாற்ற வேடமிட்ட வேறோர் இனத்தின் பெண்.

அடம்பங்கொடியைப் பார்க்க மதியம் போனால் வாடிச் சுருண்ட பூதான் மிஞ்சும். மானின் குளம்புபோல் பிளந்ததென்று சங்கப் புலவர் பாடிய இலையை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். விடியலில் விரிந்திருக்கும் ஊதாப் பூவைக் கொடியோடு இழுத்துப் படமெடுப்பது இன்னும் மோசம், ஏனெனில் அதன் கணுக்களில் இறங்கும் வேர்கள்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. இராவணன் மீசைப் புல்லுக்கும் அதே வேலைதான். அதன் முள் காலில் குத்துகிறதென்றால், வழி மாறி மேட்டில் ஏறிவிட்டோம் என்று புரிந்துகொண்டு ஈர மணலுக்கு இறங்கிவிட வேண்டும்.