பழைய கேரிகேச்சரைத் திருப்பிப் பாருங்கள்

ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது வரைந்த கேரிகேச்சர் (ஒருவரின் முக அடையாளங்களைக் கூட்டிக் காட்டும் படம்) ஏதாவது கையில் இருந்தால், அதைத் திருத்தவோ திரும்ப வரையவோ உட்காரும் முன் மொபைலில் படம் பிடித்து, இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்தாலும் போதும். அரை மணி நேரம் உற்றுப் பார்த்தும் பிடிபடாத பிழை சில விநாடிகளில் தெரிந்துவிடும்.

வரையும்போதே கண் அந்தப் படத்துக்குப் பழகிவிடுகிறது, கையின் சாய்வும் கோட்டில் ஏறிவிடுகிறது. திருப்பியதும் வேறொருவர் வரைந்த படம்போல் ஆகிவிடுவதால் கோணல் சட்டென்று கண்ணில் படுகிறது. லியோனார்டோ டா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே ஓவியர்களுக்குச் சொன்ன யோசனைதான் இது. முதலாம் ஆண்டில் நான் வரைந்த வகுப்புத் தோழனின் முகத்தில் பெரிதாக்கிய மூக்குதான் தவறு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், திருப்பிப் பார்த்தால் மூக்கு சரியாகவே இருக்கிறது, ஒரு கண்தான் கீழே இறங்கியிருக்கிறது.

ஆனால் எல்லாக் கோணலும் பிழை இல்லை. வளைந்த மூக்கு, ஓரச் சிரிப்பு, ஒருபக்க வகிடு எல்லாம் அந்த ஆளின் அடையாளம். கேரிகேச்சர் என்ற சொல்லே பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது, கூட்டிக் காட்டுவதுதான் அதன் வேலை. அதனால் அவருடைய போட்டோ இருந்தால் அதையும் அதேபோல் திருப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பக்கவாட்டு முகத்துக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. அப்புறம், பழைய தாளில் ரப்பர் போடாதீர்கள், மேலே டிரேசிங் பேப்பர் வைத்துத் திருத்துங்கள்.