பாதி மூட்டு மாற்றில் பேரிங் உடைவது ஏன்? பெரும்பாலும் நடக்கும் தவறுகள்

சோளிங்கர் மலையின் 1305 படிகளில் ஏறும்போது பாதி மூட்டு மாற்று செய்த முட்டி திடீரென்று பிசகினால் பழி படிமேல்தான் விழும். ஆனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அநேகமாக ஒரே நாளில் உடைவதில்லை. பல வருஷம் தேய்ந்து, நுண்ணிய வெடிப்பு விட்ட பிறகே உடைகிறது.

முட்டியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் செய்வது பாதி மூட்டு மாற்று. தொடை எலும்பு முனையில் ஓர் உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு, நடுவே வழுக்கி அசைய பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பேரிங். ஆக்ஸ்ஃபோர்டு போன்ற, பேரிங் தட்டின்மேல் நகரும் வகைச் செயற்கை மூட்டில் அதன் மேல்பக்கம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். மிக மெல்லிய அளவுக்கு 3 என்று பெயர். கிண்ணத்தின் அடியில் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர்தான் கனம். சரியாகப் பொருந்தினால் தேய்மானம் வருஷத்துக்கு 0.02, 0.03 மில்லிமீட்டர் அளவுதான். அந்தக் கணக்கில் பேரிங் உடையவே கூடாது.

கணக்கைக் கெடுப்பது முதலில் அறுவை மேசையில் விடப்படும் மிச்சம். தொடை எலும்பின் பின்பக்கம் வளர்ந்த எலும்பு முளையைச் செதுக்காமல் விட்டாலோ, பின்னால் சிமெண்ட் கட்டி தங்கினாலோ, மடக்கும்போதெல்லாம் பேரிங் அதில் இடிக்கும். விளிம்பு தூக்கும், ஒரு பக்கமே தேயும். குடியாத்தம் பக்கம் தரையில் சம்மணமிட்டு பீடி சுற்றுபவருக்கு இந்த இடி நாள் முழுக்க விழும். அப்படி உட்கார்ந்து வேலை செய்பவர் அதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மெல்லியது உடையுமே என்று கனமான பேரிங்கைத் திணிப்பதும் தவறு. தசைநார் இறுகி, பாரம் மறுபக்கம் சாய்ந்து, நல்ல பக்கமும் தேயத் தொடங்கும்.

1990களில் பொருத்தியவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. அப்போது பல பேரிங்குகளைக் காற்று இருக்கும் உறையிலேயே காமா கதிரால் கிருமி நீக்கினார்கள். ஆக்சிஜன் ஏறிய பிளாஸ்டிக், கடை அலமாரியில் இருக்கும்போதே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிறகு காற்று நீக்கிய உறைக்கு மாறினார்கள்.

நோயாளி பக்கம் நடக்கும் பெரிய தவறு பழைய எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைக்காதது. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தேய்மானம் புரியும். படம் சற்றுக் கோணலானாலும் இடைவெளி பொய் சொல்லும். நிற்க வைத்து, தட்டு நேர்க்கோடாகத் தெரியும்படி எடுக்க வேண்டும். சில பேரிங்குகளுக்குள் மெல்லிய உலோகக் கம்பி இருக்கும். அது இடம் மாறியிருந்தால் அதுவே துப்பு. அறுவை முடிந்ததும் எடுத்த படத்தையும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிய ஸ்டிக்கரையும் (பேரிங்கின் அளவு, தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் லாட் எண்) போனில் படம் பிடித்து வையுங்கள். பரண்மேல் போட்ட ஃபிலிம் வேலூர் வெயிலுக்குத் தாங்காது.

திடீர் வலி, வீக்கம், கால் நழுவுவது, மடக்க முடியாமல் பூட்டிக்கொள்வது என்று எது வந்தாலும் ஊன்றி நடக்காதீர்கள். எண்ணெய் நீவலும் புத்தூர் கட்டும் எலும்புக்கானவை, பிளாஸ்டிக்கை ஒட்டா. உடைந்த பேரிங்கோடு நடந்தால் உலோகம் உலோகத்தில் உரசிக் கீறல் விழும். சீக்கிரம் வந்தால், உலோகங்கள் ஆடாமல் இருந்தால், பேரிங்கை மட்டும் மாற்றலாம். கீறல் விழுந்துவிட்டால் முழு மூட்டு மாற்று வரை போகலாம்.

மாற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். உடைந்த துண்டு முட்டிச் சிரட்டைக்கு மேலேயோ முட்டிக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். எடுத்த துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்து, முழு வடிவம் வருகிறதா என்று பார்த்த பிறகே தையல் போட வேண்டும்.